பைக்கு அடியில் தெரிந்த எழுத்து

என் அக்கா பாவாயியின் வயிற்றுக்குள் ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போய்வந்தது. காலை ஆறு மணி, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து, இராத்திரி பத்து. ஏறக்குறைய நான்கு வருசம் இப்படி. அதைச் செய்தவர் அவள் புருசன் நாச்சிமுத்து, என் மச்சான். எனக்கு அதில் ஒரே ஒரு வேலைதான். வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர்ப் பையை அவர் செய்தித்தாள்மேல் வைப்பார். பைக்கு அடியில் தெரிகிற வரியை நான் படிக்க வேண்டும்.

அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. செய்தித்தாளை இப்போதும் வாங்குகிறேன். சும்மா விரித்துப் படிக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே அவர்கள் தோட்டம். மூன்று கொட்டகை, எட்டாயிரம் முட்டைக்கோழி. நான் அடுத்த தோட்டத்தில் தனிக்கட்டை. நாமக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற ஒரு அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலை. அச்சுப்பிழை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

மச்சான் கோழி வளர்க்கிற விதத்தை எங்கள் பக்கம் கேலியாகச் சொல்வார்கள். கொட்டகை வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டி. வெளிச்செருப்பை அங்கே விட்டுவிட்டு, தொட்டியில் இரண்டு காலையும் நனைத்து, உள்செருப்பைப் போட்டுக்கொண்டுதான் யாரும் நுழையலாம். முதலில் குஞ்சுக் கொட்டகை, பிறகு வளர்கிற கோழி, கடைசியில் முட்டைக்கோழி. ஒரு தடவை முட்டைக்கோழியிடம் போய்விட்டால் அன்றைக்குக் குஞ்சுப் பக்கம் திரும்பக் கூடாது. குஞ்சுக் கொட்டகையில் மண்வெட்டியை மறந்துவிட்டு வந்தால், மறுநாள் காலைதான் அந்த மண்வெட்டி.

அங்கே வேலைக்கு இருந்த சின்னான் சொல்வான்: "நாச்சிமுத்தண்ணன் பண்ணையில கோழிகூட கை கழுவிட்டுத்தானுங்க முட்டை போடும்."

முட்டை எடுக்க வருகிறவர்கள், நூறு கோழிக்கு எத்தனை முட்டை என்று வழக்கமாகக் கேட்பார்கள். "எத்தனை பர்சன்ட் ஓடுதுங்க? தொண்ணூத்தஞ்சு வருதுங்களா?"

"தண்ணி சுத்தமா ஓடுதுங்க" என்பார் மச்சான்.

"தண்ணியைக் கேக்கலீங்க. முட்டையைக் கேட்டேன்."

"முட்டை போடறது கோழி சோலிங்க. தண்ணி மாத்தறது என்ற சோலி. என்ற சோலியைச் சொன்னேன்."

கேட்டவர் சிரித்துக்கொண்டு போவார். நானும் சிரித்திருக்கிறேன்.

அக்காவுக்குச் சர்க்கரை இருபது வருசமாக உண்டு. கொரோனா அடங்கின மறுவருசம் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரம் மூன்று தடவை சேலத்துக்கு வந்து மிசினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம். இல்லையென்றால் வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்துத் தண்ணீர் ஏற்றி இறக்கலாம். வீட்டு வழியைச் சொல்லிக்கொடுக்கிற நர்சு சுகன்யா, அயோத்தியாப்பட்டணத்துப் பெண், பயமுறுத்தாமலும் மறைக்காமலும் பேசினாள்.

"வீட்டுல செய்யலாங்கய்யா. ஆனா குழாய் வழியா ஒரு கிருமி உள்ள போயிட்டா உசுருக்கே ஆபத்து. வடிஞ்ச தண்ணி கலங்கியிருந்தா அதுதான் முதல் அடையாளம். தெளிவா இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பேப்பர்மேல வெச்சுப் பாக்கணும்."

"எத்தனை வேலை இருக்குதும்மா அதுல?" என்று கேட்டார் மச்சான்.

"ஒரு தடவைக்கு முப்பத்தோரு படி."

"அவ்வளவுதானுங்களா?" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

முட்டை அட்டை அடுக்குகிற அறையைக் காலிசெய்து, ஓடு பதித்து, வெள்ளையடித்தார். முழங்கையால் திருப்புகிற குழாய் வைத்தார். விட்டத்தில் ஒரு கொக்கி, ஒரு மேசை, ஒரு கட்டில், சுவரில் கடிகாரம். வேறெதுவும் அந்த அறைக்குள் கிடையாது.

நேரம் வந்ததும் கதவைச் சாத்துவார். மின்விசிறியை அணைப்பார். சித்திரை வெயிலானாலும் அணைப்பார், காற்றில் தூசி பறக்கும் என்று. மேசையைத் துடைப்பார். வாய்க்கு மூடி கட்டுவார். பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவுவார். ஒன்று முதல் நூற்றிருபது வரை உதடு அசைய எண்ணுவார். நடுவில் யாராவது கூப்பிட்டோ, கை எதிலாவது பட்டோ எண்ணிக்கை தடைப்பட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. முகம் சுளிக்கமாட்டார். தொண்ணூறில் தடைப்பட்டாலும் நூற்றுப் பத்தொன்பதில் தடைப்பட்டாலும் அவருக்கு எதுவும் நட்டமானதுபோல் தெரியாது. "ஒண்ணு" என்று ஆரம்பிப்பார். அந்த "ஒண்ணு" எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கம் ஒறம்பரை என்கிற சொந்தபந்தம் வந்தால் உடம்பு சரியில்லாதவர்களைப் பார்த்து, கையைப் பிடித்து, கண்ணீர் விட்டுவிட்டுப் போவதுதான் முறை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஐந்து மைல் வந்தவர்களை அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அக்காவின் சின்ன மாமியார் சுப்பம்மாள் ஒருநாள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாச்சிமுத்து! நான் என்ன கோழிக்காய்ச்சலா கொண்டாந்திருக்கேன்? கதவத் தொறடா!"

உள்ளே மச்சான் எண்பதில் இருந்தார். தலையைத் தூக்கி ஒரு கணம் நின்றார். "ஒண்ணு" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சின்னத்தே, நீங்க தட்டத் தட்ட இன்னும் நேரமாகுமுங்க. சித்தெ பேசாம உக்காந்தீங்கன்னா வெரசா தொறந்துருவாரு" என்று கத்தினாள்.

அக்கா அப்படித்தான். நோய் வந்தும் வாய் போகவில்லை. உப்பு ஆகாது, தினமும் நான்கு முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எட்டாயிரம் கோழி வைத்திருக்கிற வீட்டில் முட்டைக்கா பஞ்சம். தட்டைப் பார்த்ததும் ஆரம்பிப்பாள்.

"ஏனுங்க, கோழித் தீவனத்துல உப்புப் போடறீங்களா இல்லீங்களா?"

"போடறேன்."

"அதுக்குப் போடறீங்க. எனக்கு மட்டும் சப்புன்னு குடுக்கறீங்க. அடுத்த பொறப்புல இந்தக் கொட்டாயிலயே கோழியாப் பொறந்துக்கறேன் போங்க."

"பொறந்துட்டு வாசத்தொட்டியில காலை நனைச்சுட்டு உள்ள வா" என்பார் அவர்.

காலையிலும் சாயங்காலமும் படிக்கிறது நான். மற்ற இரண்டு வேளை அவர்கள் மகன் தர்ஷன். மச்சான் மூன்றாவது வரைதான் படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. ஆரம்பத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு பக்கத்தைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டால் தினமும் தாள் தேட வேண்டாமே என்று.

"வேண்டாம் மாப்ள" என்றார். "தெரிஞ்சதையே படிச்சா கண்ணு பொய் சொல்லும். தினமும் புதுத்தாளு."

புரூப் பார்க்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தெரிந்துவிட்டால், எழுத்து விட்டுப்போயிருந்தாலும் கண் அதை நிரப்பிக்கொண்டு போய்விடும். அதனால்தான் எங்கள் தொழிலில் பெரிய தப்பெல்லாம் பெயரில் வரும். எனக்குத் தெரிந்த விசயத்தை மூன்றாவது படித்தவர் எனக்குச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு மறந்தும் போனேன்.

இரண்டு வருசம் கடந்திருக்கும். சுகன்யா போனில் ஒரு சேதி சொன்னாள். வீட்டிலேயே செய்கிறவர்களில், கிருமி தொற்றாமல் ஆயிரம் நாள் தாண்டுகிற குடும்பங்களை ஆஸ்பத்திரியில் மேடையேற்றிச் சால்வை போர்த்தப் போகிறார்கள். இதுவரை யாரும் தொட்டதில்லை. உங்கள் வீடும் இன்னொரு வீடும்தான் கிட்டத்தில் இருக்கிறீர்கள்.

தர்ஷனுக்கு அன்றிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. அவன் நாமக்கல்லில் பெரிய விடுதிப் பள்ளியில் படித்தவன். மார்க்கும் படமும் போட்டு ஆளுயரப் பலகை வைக்கிற பள்ளி. அந்தப் பலகையில் ஏறாமல் போனது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு புண். கூடத்துக் காலண்டரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நாள்தோறும் எண் எழுதினான். எழுநூற்று நாற்பது. எழுநூற்று நாற்பத்தொன்று. ஒறம்பரையெல்லாம் இப்போது அக்காவின் உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்கள். அக்காவும் அதில் விழுந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட மேடைகூட ஏறாதவள். தொள்ளாயிரம் ஆனதும் சேலைத் தறிக்குப் பேர்போன இளம்பிள்ளைக்கு ஆள் அனுப்பி அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தாள்.

மச்சான் மட்டும் அந்தக் காலண்டரை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் ஒருநாள் கேட்டேன்.

"உங்களுக்கு ஆசை இல்லீங்களா மச்சான்?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இல்லாம என்ன? பாவாயி மேடையில நின்னா நல்லாத்தான் இருக்கும். ஆனா மாப்ள, அந்த நம்பரு வந்து என்ற கையைக் கழுவுமா?"

ஐப்பசி மழை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாவது நாள், வியாழக்கிழமை. ஆயிரமாவது நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, விழாவும் அன்றைக்கே. வேன் பேசியாயிற்று. விடிகாலையில் டீக்கடையில் தாளை வாங்கி, மழை விடட்டும் என்று காத்திருந்த நேரத்தில் முதல் பக்கம் முழுவதும் படித்துவிட்டேன். பிறகு தாளைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

தண்ணீர் வடிந்து முடிந்தது. மச்சான் புது மூடி போட்டு அக்காவின் குழாயை அடைத்துவிட்டு, பையைத் தராசில் நிறுத்து, மேசையில் விரித்திருந்த முதல் பக்கத்தின்மேல் வைத்தார்.

"படி மாப்ள."

"அணைக்கு வரும் நீரின் அளவு அதிகரித்து வருவதால் கரையோரம் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு…"

"இன்னொருக்கா."

மறுபடி படித்தேன். மழை மட்டும் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ எங்கியுமே நிக்கலியே" என்றார்.

"தெளிவா இருக்குதுங்க மச்சான்."

"தெளிவா இருக்கற அன்னிக்கே நீ ரெண்டு எடத்துல நிப்பே. பை மடிப்பு குறுக்க வந்தா நிப்பே, லைட்டு பட்டா நிப்பே. இன்னைக்கு ஸ்டாப்பில்லாத பஸ்ஸாட்டம் போறே. இத மின்னாலயே படிச்சிட்டியா?"

அவர் பையைத் தூக்கினார். தாளைப் புரட்டி, உள்பக்கத்தில் பொடி எழுத்து விளம்பரங்கள் இருந்த மூலையை இழுத்து வைத்து, அதன்மேல் பையைக் கிடத்தினார்.

"இதப் படி."

குனிந்தேன். எழுத்து இருந்தது. ஆனால் வடிகஞ்சிக்குள் விழுந்த எறும்புபோல் இருந்தது. ஒன்று தெரிந்தது, அடுத்தது கரைந்தது. சான்றிதழ் என்று ஏதோ. யாருடையது, என்ன ஆனது, எதுவும் படிக்க முடியவில்லை. முதல் பக்கத்தைப் படிக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும், இன்னும் மூன்று நாள்தானே என்று என் கண் நிரப்பிக்கொண்டு போய்விட்டது.

"முடியலீங்க மச்சான்" என்றேன்.

மழையால் லோடு லாரி வராமல் வீட்டில் இருந்த தர்ஷன், கதவு திறந்ததும் உள்ளே வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

"இது கலங்கல் இல்லீங்ப்பா. மழ இருட்டு. லைட்டு பத்தல."

"லைட்டு நேத்தும் இதான்."

"மூணே நாளுங்ப்பா! காச்சல் இல்ல, வலி இல்ல. அம்மா, வயிறு வலிக்குதா?"

அக்கா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "வலியெல்லாம் ஒண்ணும் காணோம்" என்றாள். குரலில் கெஞ்சல் இருந்தது. "ஏனுங்க, மத்தியானம் ஒருக்கா பாத்துப் போட்டு முடிவு பண்ணலாமுங்களா? ஒருவேள தெளிஞ்சிருச்சுன்னா…"

மச்சான் அவளைப் பார்த்தார். நான் அந்த முகத்தை மறக்கமாட்டேன். அவளுக்கு வேண்டியதை அவர் மறுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"கலங்குனா உடனே பையோட வாங்கன்னு அந்த நர்சுப் புள்ள சொல்லிக் குடுத்திச்சு பாவாயி. மூணு நாளு மிச்சமிருந்தா வர வேண்டாமுன்னு சொல்லிக் குடுக்கல."

கழுவின வாளியில் பையை வைத்து மூடினார். சின்னானைக் கூப்பிட்டார். "குஞ்சுல இருந்து ஆரம்பி. எதையாச்சும் மறந்தாலும் திரும்பி வராதே" என்றார். முட்டை வேனில் மெத்தையைப் போட்டு அக்காவைப் படுக்கவைத்தோம். ராசிபுரம் தாண்டினோம். பிறகு அக்கா சொன்னாள்: "தம்பி, அந்தச் சேலையை எடுத்துட்டு வந்தியா?"

"இல்லக்கா."

"சின்னான்கிட்டச் சொல்லி அனுப்பச் சொல்லு. வாங்குனது வாங்குனாப்ல கெடக்கோணுமா?"

ஆஸ்பத்திரியில் பையைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. மருந்தைப் புதுப் பையில் கலந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். டாக்டர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து காய்ச்சல்?" என்றார்.

"காச்சல் இல்லீங்க."

"வயிற்று வலி?"

"இல்லீங்க. இன்னைக்குக் காத்தால எழுத்துத் தெரியலீங்க. அதுக்கு முந்தின வேளை தெரிஞ்சுதுங்க."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மத்தவங்க எல்லாம் காய்ச்சல் முத்தி, ரெண்டு பேர் தூக்கிட்டுத்தான் இங்க வருவாங்க. ஞாயித்துக்கிழமை வந்திருந்தீங்கன்னா குழாயை எடுக்க வேண்டியிருந்திருக்கும். அவங்க இருக்கிற நிலைமைக்கு…" என்று நிறுத்திக்கொண்டார்.

அக்கா கட்டிலிலிருந்து சொன்னாள்: "போத்தற சால்வை ஒண்ணேதானுங்களே டாக்டரு. மேடையில போத்துனா என்ன, பொணத்து மேல போத்துனா என்ன."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு மட்டும் வந்தது.

சுகன்யா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எங்கே தவறியது என்று தெரிந்தாக வேண்டும். "ஒண்ணு விடாம சொல்லுங்கய்யா, என்ன செஞ்சீங்க?"

மச்சான் எழுந்து நின்றார். சொல்லவில்லை, செய்தார். இல்லாத கதவைச் சாத்தினார். இல்லாத விசிறியை அணைத்தார். வெறும் மேசையை ஒரே திசையில் துடைத்தார். காற்றில் கை கழுவினார், விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை. உதடு எண்ணியது. சுகன்யா, "சரிங்கய்யா, கழுவுனது தெரியுது, மேல சொல்லுங்க" என்றாள். அவர் காதில் அது விழவில்லை. நூற்றிருபது வரைக்கும் எண்ணி முடித்தார். பிறகு பையை எடுத்தார், தேதி பார்த்தார், அழுத்திப் பார்த்தார், கொக்கியில் மாட்டினார். எதிர்க்கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். அரைமணி நேரம் அந்த வார்டில் ஒரு கிழவர் வெறுங்கையோடு தன் பெண்டாட்டியின் உயிரை ஏற்றி இறக்கினார். மூன்று வருசமாகத் தினமும் பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முடித்துவிட்டு, "எதுலம்மா தப்பு?" என்று கேட்டார்.

சுகன்யா எழுந்து நின்றாள். "ஒண்ணுலயும் இல்லைங்கய்யா. சில பேருக்குக் குடல்ல இருந்தே கசிஞ்சு வந்துரும். அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த தர்ஷன் வெடித்தான். "அப்புறம் எதுக்குங்க இத்தனையும்? மூணு வருசமா கையைத் தேச்சுத் தேச்சு அப்பனுக்குத் தோலே உரிஞ்சு போச்சு. வர்றது எப்படியும் வருமுன்னா இதெல்லாம் என்னத்துக்கு?"

மச்சான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப்போனது. "அந்த விசிறியை அமத்து கண்ணு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார்.

தர்ஷன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய் அணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாடி அரங்கத்தில் விழா. ஒலிபெருக்கிச் சத்தம் வார்டு வரைக்கும் வந்தது. சின்னான் கொண்டுவந்த அரக்குச் சேலையை அக்கா படுக்கையிலேயே கட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்குத் திரை இழுத்து, மச்சான் கை கழுவ ஆரம்பித்தார். மேலே பெயர் படித்தார்கள். பனமரத்துப்பட்டியில் ஒரு குடும்பம். கைத்தட்டல் மழைபோல் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஆபீஸ் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஐயா, டாக்டர் உங்களையும் மேல வரச் சொன்னாருங்க. நம்பர் வராட்டியும் பரவால்லையாம், சும்மா ஒரு சால்வை போத்தலாமுன்னு சொன்னாரு. வெரசா வாங்க, கெஸ்டு கெளம்பப் போறாரு."

மச்சான் தொண்ணூறு தாண்டியிருந்தார். தலையைத் திருப்பி அந்தப் பையனைச் சாந்தமாகப் பார்த்தார்.

"கை கழுவிட்டிருக்கேன் சாமி" என்றார். பிறகு குழாய்ப் பக்கம் திரும்பினார். "ஒண்ணு."

அன்றைக்கு வடிந்த பையைத் தாள்மேல் வைத்தார். அந்தத் தாளை நான் வாங்கினபடியே மடிப்புக் கலைக்காமல் கொண்டுவந்திருந்தேன். குனிந்து படித்தேன். நான்கு இடத்தில் நின்றேன். ஆனால் படித்துவிட்டேன்.

"நிக்கறே" என்றார் மச்சான். முகமூடிக்கு மேலே கண் சிரித்தது. "நல்லது. நின்னு படி."

வீட்டுக்கு வந்த அன்று தர்ஷன் காலண்டர் முன்னால் நின்றான். "ஒண்ணுல இருந்து எழுதட்டுங்களாப்பா?" என்றான். அவர் காதில் வாங்காததுபோல் தொட்டிக்குச் சுண்ணாம்பு கரைக்கப் போனார். தர்ஷன் பேனாவை மூடி ஜன்னலில் வைத்தான். அடுத்த வாரம் பார்த்தேன். பகல் வேளைக்கு, யாரும் சொல்லாமல், அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா பதினான்கு மாதம் இருந்தாள். அந்தப் பதினான்கு மாதமும் நான் டீக்கடையில் தாளைப் பிரிக்கவில்லை. மச்சான் விரிக்கிற பக்கம்தான் எனக்கு முதல் பக்கம். ஊரில், உலகத்தில் என்ன நடந்தாலும் அதை முதலில் என் அக்காவின் வயிற்றுத் தண்ணீர் வழியாகத்தான் படித்தேன்.

போன தை மாதம். அன்று வாசலில் வெயில் காய்ந்தபடி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்காச்சும் அந்த வெள்ளக்கருவுல ஒரு கல்லு உப்பு காட்டுங்க, தம்பி பாக்காம திங்கறேன்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் அவரைக்காய் அப்படியே இருந்தது. புதுச்சத்திரத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு இதயம் நின்றுவிட்டது என்றார். மணி நாலரை.

சேதி பரவி, பெண்கள் வந்துவிட்டார்கள். சுப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். உடம்பைக் குளிப்பாட்டித் தண்ணீர் வார்க்க ஏற்பாடு செய்தார்கள். மச்சான் அக்காவின் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஐந்து ஆகப்போனது.

"தர்ஷனு, அம்மாளை உள்ரூமுக்குத் தூக்கலாம் வா" என்றார்.

"இப்ப எதுக்குங்ப்பா?"

"அவ வயித்துல ரெண்டு லிட்டரு நிக்குது. அது நான் ஏத்துனது."

தர்ஷன் வேறெதுவும் கேட்கவில்லை. தூக்கினான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் தாளை எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினார். விசிறியை அணைத்தார். மேசையைத் துடைத்தார். முகமூடி கட்டினார். முழங்கையால் குழாயைத் திறந்து சோப்பை எடுத்தார்.

எண்ணிக்கை அறுபதோ எழுபதோ இருக்கும். சுப்பம்மாள் கதவில் அறைந்தாள். "நாச்சிமுத்து! செத்தவளுக்கு என்னடா வைத்தியம்! கதவத் தொற, எம் மருமவளைப் பாக்கோணும்!"

அவர் கை நின்றது. சோப்பு நுரை முழங்கையிலிருந்து சொட்டியது. உள்ளே நாங்கள் மூன்று பேர், கட்டிலில் அக்கா. இந்தத் தடவை கட்டிலிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

"ஒண்ணு" என்றார் மச்சான்.

அதே "ஒண்ணு." அதில் ஒரு இழை கூடவோ குறையவோ இல்லை. தர்ஷன் சுவரோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வெளியே மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. நூற்றிருபது வரைக்கும் எண்ணி முடித்தார்.

தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. அவர் அவசரப்படவில்லை. பக்கவாட்டில் மெல்ல அணைத்துச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்தார். ஏற்றுவதற்கு எதுவும் இல்லை. புது மூடியை உறை பிரித்து எடுத்து, விரல் படாமல் குழாயை அடைத்தார். சேலையை இழுத்துவிட்டார். பையை நிறுத்தார். தாளைப் புரட்டி, நான் பார்க்காத ஒரு பக்கத்தில் பொடி எழுத்தாகத் தேடி எடுத்து, அதன்மேல் பையை வைத்தார்.

"படி மாப்ள."

குனிந்தேன். எதுவும் தெரியவில்லை. சட்டைத் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். தறிப்பட்டறைக்கு ஆள் தேவை. தங்க இடமும் சாப்பாடும் உண்டு. குடும்பத்தோடு வருபவர்களுக்கு முன்னுரிமை. கீழே போன் நம்பர். பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"மூணு எடத்துல நின்னே" என்றார்.

"கண்ணுத் தண்ணிலதானுங்க நின்னேன் மச்சான். பை தெளிவுங்க."

"தெளிவு" என்றார் அவரும். குறிப்பேட்டைத் தர்ஷனிடம் நீட்டினார். மணி, எடை, தெளிவு என்று அவன் எழுதினான்.

மச்சான் முகமூடியை அவிழ்த்து மடித்து வைத்தார். அக்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு எழுந்து, விசிறியைப் போட்டார். கதவைத் திறந்தார்.

"இனி வாங்க" என்றார்.